கிரகணத்தில் அறுத்த கயிறு

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் காலையிலிருந்து ஒரே செய்தியை ஆளுக்கொரு தரம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். வரப்போகும் கிரகணத்தன்று கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது, கத்தி, அரிவாள்மனை தொடக் கூடாது, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும், விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று. கீழே கும்பிடும் கைகள் வேறு. அனுப்பியவர்களில் ஒருத்தி என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என் விடைத்தாளைப் பார்த்து எழுதித்தான் உயிரியலில் தேறினாள். அவளாவது அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதில் எழுத உட்கார்வதும், எழுதினதை அழிப்பதும், எழுந்துபோய் அடுப்பில் ஒன்றுமில்லாமலே அடுப்படியைப் பார்த்துவிட்டு வருவதுமாக இருக்கிறேன். இத்தனை வருஷம் இந்தப் பாடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். இது இரண்டு வரியில் அடங்குகிற சங்கதி இல்லை. எங்கள் வீட்டுச் சங்கதி.

செம்பட்டியிலிருந்து ஆத்தூர் போகிற வழியில் எங்களுக்குத் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே வீடு. கத்தரியும் தக்காளியும் மாறி மாறிப் போடுவார்கள். வீட்டில் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா. பிறகு அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்குச் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டிவந்த சித்தி. இவர்கள் எல்லாரையும் ஆண்டவள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. புருஷன் இறந்ததும் பிறந்த வீட்டுக்கே வந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள்.

ஐயாவுக்கு ஒரு மீசை உண்டு. மேலுதட்டையே மறைத்து விழுகிற மீசை. காப்பி குடித்தால் துண்டால் மீசையை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் பேசுவார். அவர் விதைக்கென்று கத்தரிச் செடி தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். பாத்தி பாத்தியாக நடந்து, சொத்தை விழாத, கொத்தாய்க் காய்த்த செடியாகப் பார்த்து ஒரு சிவப்புத் துணிக்கிழிசலைக் கட்டிவிடுவார். அந்தச் செடியில் யாரும் காய் பறிக்கக் கூடாது. பழுத்து மஞ்சளாகி வெடிக்கும்வரை விட்டு, விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பார். "வித்து என்னவோ அதான் வெளையும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. கத்தரிக்காய் விஷயத்தில் எங்கள் ஐயா தப்பே செய்ததில்லை.

எனக்குப் பத்து வயசிருக்கும்போது ஒரு சூரிய கிரகணம் வந்தது. சித்திக்கு அப்போது ஏழாம் மாசம். அத்தை காலையிலேயே கட்டளை போட்டுவிட்டாள். சோற்றுப்பானை, மோர், ஊறுகாய் எல்லாவற்றிலும் தர்ப்பை. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் உலக்கையை நிறுத்தினாள். கிரகணம் விடும்வரை அது தானாக நிற்கும் என்பாள். கதவெல்லாம் சாத்தி எங்களை உள்ளே வைத்தாள். நான் சன்னல் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். வெயில் இருந்தும் வெளிச்சம் வற்றிக்கொண்டே வந்தது. வேப்பமரத்தடியில் விழுந்த வெயில் பொட்டுகள் எல்லாம், நகம் வெட்டிப் போட்டதுபோல, பிறை பிறையாகக் கிடந்தன. மரத்தில் காக்கைகள் வந்து அடைந்தன.

அப்போதுதான் ஆட்டுக்குட்டி கத்தியது. முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கயிறு கழுத்தில் இறுகியிருந்தது. பசிக்குக் கத்துகிற கத்தல் வேறு, இது வேறு.

"மதினி, குட்டி கயித்துல சுத்திக்கிருச்சு" என்றாள் சித்தி.

"செத்த நேரம் சும்மா இரு. விட்டதும் பாப்பம்."

"விடுறதுக்குள்ள அது செத்துப்போகும் மதினி."

குட்டியின் குரல் அடைத்துக்கொண்டு வந்தது. அப்பா எழுந்தார். அத்தை பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார். சித்தி யாரையும் பார்க்கவில்லை. கதவு மூலையில் மாட்டியிருந்த அருவாளை எடுத்துக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி வெளியே போய்க் கயிற்றை அறுத்துவிட்டு வந்தாள். குட்டி எழுந்து தள்ளாடி நின்றதை நான் சன்னலில் பார்த்தேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "பிள்ளைத்தாச்சி அருவாளத் தூக்கலாமாடி, பாவி!"

ஐயா சிரித்தார். "விடு ஆத்தா. குட்டி பொழச்சிச்சுல்ல."

அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பு முடிந்து சித்தி தாய்வீடு போனாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது என்று சேதி வந்து, ஐயா, அத்தை, அம்மா, நான் எல்லாரும் கற்கண்டோடு போனோம். டெட்டால் வாடையும் ஈரச் சிமெண்டு வாடையும் கலந்த வார்டு. சித்தி துணியை விலக்கிக் காட்டினாள். தம்பியின் மேலுதடு இடப்பக்கம் மூக்குத் துவாரம்வரை பிளந்திருந்தது. உள்ளே ஈறு சிவப்பாகத் தெரிந்தது.

"அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அத்தை. சத்தமாகக்கூட இல்லை, திருப்தியோடு சொன்னதுபோல எனக்குப் பட்டது. ஐயா ஒரு நொடி பார்த்தார். உடனே திரும்பி வராந்தாவுக்குப் போய்விட்டார். துண்டால் மீசையைப் பொத்திக்கொண்டு நின்றார். வருத்தத்தில் நிற்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அன்றைக்கே ஐயா முடிவு சொல்லிவிட்டார். தோஷம் கழிகிறவரை தாயும் பிள்ளையும் சாணார்பட்டியிலேயே இருக்கட்டும். மூன்றாம் மாசம் அழைத்துவர வேண்டிய மருமகளை அழைக்கப் போகவில்லை. அத்தை இன்னும் ஒரு படி மேலே போனாள். அம்மாவிடம் அடுப்படியில், "கிரகணத்துல அருவா தூக்குனவள எதுக்குக் கூப்பிடணும்? இவனுக்கு வேற எடத்துல பாப்பம்" என்று சொன்னதை நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன். அம்மா உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள்.

அந்த வருஷம் பார்த்துக் கத்தரியில் காய்ப்புழு. சித்தப்பா விடிந்தால் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்குவார். அடிக்க அடிக்கப் புழு குறைவதுபோலக் குறைந்து, பழையபடி வரும். மருந்தைக் கூட்டி அடித்தார். பிறகு வந்த புழு அதையும் தாங்கிக்கொண்டது. "சனியன், மருந்தத் தின்னு வளருது" என்பார். அந்த நாளில் அவர் வாயிலிருந்து வந்த பேச்சே அவ்வளவுதான். பொண்டாட்டியைப் பற்றி ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு எரிச்சல் வரும்.

ஒருநாள் மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லி, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினவர், திண்டுக்கல்லில் இறங்கிச் சாணார்பட்டி பஸ்ஸில் ஏறினார். வழி முழுக்க முன்சீட்டுக் கம்பியை விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

சித்தி பாதியாகியிருந்தாள். தம்பிக்கு உறிஞ்ச வராது. மார்பில் போட்டால் உதடு கவ்வாது, பால் பிளவு வழியே வழிந்துவிடும். பால் பீய்ச்சி, பாலாடையில் ஊற்றித்தான் கொடுத்தாள். பாலாடை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஒரு பக்கம் மூக்கு நீண்ட, உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம். அது பித்தளை. உள்பக்கம் ஈயம் பூசியது. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, கடைவாயில் அதன் மூக்கை வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சாய்ப்பாள். ஒரு வேளைப் பால் கொடுத்து முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்போல இருந்தது.

"ஏன்டி, நீ பாத்தேல்ல?" என்றாள் என்னிடம். "நான் அறுக்காட்டி குட்டி செத்திருக்கும்ல?"

"செத்திருக்கும் சித்தி."

"அப்ப நான் செஞ்சது தப்பா?"

 சித்தப்பா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "அய்யாட்ட எப்பிடிப் பேசுறதுன்னுதான் தெரியல" என்றார். சித்தி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாலாடையைத் துடைத்தாள்.

அத்தை எங்கேயோ போய்க் குறி கேட்டுவந்தாள். வீட்டு ஆண்கள் எல்லாரும், அந்தப் பிள்ளையும் சேர்த்து, பழனியில் ஒரே நேரத்தில் முழு மொட்டை போட வேண்டுமாம். அதற்கப்புறம் அழைப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாமாம். சாணார்பட்டிக்கு ஆள் போயிற்று. சித்தியின் அப்பா அவளையும் பிள்ளையையும் பழனிக்கே கூட்டிவந்தார். சித்தி ஒரு துணிப்பையில் தன் சேலைகளையும் எடுத்துவந்திருந்தாள். அழைத்தால் அப்படியே வந்துவிடலாம் என்ற எண்ணம். அந்தப் பையைப் பார்த்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடி எடுக்கிற கொட்டகையில் தரையெல்லாம் ஈர மயிர். காலில் ஒட்டிக்கொண்டு வரும். அப்பாவுக்கு ஆயிற்று, சித்தப்பாவுக்கு ஆயிற்று. தம்பி வீரிட்டு அழ அழ அவனுக்கும் ஆயிற்று. ஐயாவுக்குத் தலையை வழித்த நாவிதர், மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஏனுங்க பெரியவரே, மீசையும் எடுத்தர்லாமுங்களா?"

"மீசை கெடக்கட்டும்."

"அதெப்பிடி அய்யா?" என்று அத்தை முன்னால் வந்தாள். "முழு மொட்டைன்னுல்ல நேந்துருக்கு. மீசைய வச்சுக்கிட்டா சாமி எப்பிடி ஏத்துக்கும்?"

"வேணாம் ஆத்தா."

"ஒத்தப் பேரன் விஷயம். மீசை வளந்துக்கிரும். எடுங்கண்ணே."

ஐயா மகளைப் பார்த்தார். கொட்டகையில் நின்றவர்களைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். நாவிதர் தண்ணீர் தொட்டுத் தடவி, இரண்டு இழுப்பில் வழித்துவிட்டு, துண்டால் துடைத்தார்.

ஐயாவின் மேலுதட்டை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பெற்ற மகளும் பார்த்ததில்லை. இடப்பக்கம், மூக்குத் துவாரத்திலிருந்து உதடுவரை ஒரு வெள்ளைக் கோடு, தையல் போட்டுப் பிரித்ததுபோல. அது உதட்டில் வந்து முடிகிற இடத்தில் ஒரு சின்ன வெட்டு. அரிசிமணி அளவுதான். ஆனால் பக்கத்தில் சித்தியின் மடியில் தம்பி, அவனும் மொட்டைத் தலையோடு, அதே இடப்பக்கத்து உதட்டைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். கிழவருக்கு ஒருமாதிரி மூடிவிட்டது. பிள்ளைக்குத் திறந்தே நின்றுவிட்டது. கோடு ஒரே கோடு.

 அத்தை வாயைத் திறந்து மூடினாள். சித்தி இவர் முகத்தையும் பிள்ளை முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமனார் எதிரே நின்றுகூடப் பேசாதவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"மாமா, ஒங்க ஆத்தா எந்தக் குட்டிக் கயித்த அறுத்தாக?"

ஐயா, மூடிக்கொள்ள மீசை இல்லாததால் கையால் வாயைப் பொத்தினார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். மலை ஏறி இறங்குகிறவரை அவர்தான் வைத்திருந்தார். பஸ் ஏறும்போது சித்தப்பாவிடம், "அந்தப் பையை வாங்கி மேல வைடா. நம்ம வீட்டுக்குத்தான் போறோம்" என்றார். சந்தன வாசனையோடு எல்லாரும் ஒரே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். தம்பிக்குப் பிற்பாடு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உதடு தைத்தார்கள்.

ஐயாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சின்ன வயசில் கண்ணாடியில் பார்த்திருப்பாரே. தெரிந்துதான் மீசை வளர்த்தார். தெரிந்துதான் வராந்தாவில் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். கத்தரிக்கு வித்துப் பார்த்துத் துணி கட்டினவர், குட்டி பிழைத்ததற்குச் சிரித்தவர், மருமகளை மாசக்கணக்கில் தாய்வீட்டில் உட்காரவைத்துவிட்டு எப்படிக் காப்பி குடித்தார்? இந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைக் கடிக்கிறது. அவரை எனக்குப் பிடிக்கும், அதனால் இன்னும் அதிகமாகக் கடிக்கிறது.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போது, அடைவைத்த முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்ப்போம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கரு மிதக்கும். கடுகளவு சிவப்பு துடிக்கும், அதுதான் இதயம். அந்த வகுப்பில்தான் மனிதக் கருவின் படங்களையும் பார்த்தேன். முகம் ஒரே துண்டாக உண்டாவதில்லை. மேலிருந்து ஒரு பகுதியும் இரண்டு பக்கங்களிலிருந்து இரண்டு பகுதிகளும் வளர்ந்து வந்து மூக்குக்குக் கீழே கூடி ஒட்டுகின்றன. உங்கள் மேலுதட்டைத் தொட்டுப் பாருங்கள், இரண்டு சின்ன வரப்பு இருக்கும். அந்த வரப்புப் பக்கம் ஒட்டாமல் நின்றால் பிளவு. சில குடும்பங்களில் வழிவழியாக வரும், ஒருவருக்குக் கோடாக, ஒருவருக்கு முழுப் பிளவாக. யாருக்குமே இல்லாத வீட்டிலும் வரும். ஏன் என்று முழுதாக யாருக்கும் தெரியாது. ஆனால் எப்போது என்று தெரியும். இரண்டாம் மாசம். மேலுதடு சேர்வதோ சேராமல் போவதோ, இரண்டாம் மாசத்தோடு முடிந்துவிடும்.

இரண்டாம் மாசம்! நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன். சித்தி அருவாளை எடுத்தது ஏழாம் மாசம். அவள் கயிற்றை அறுத்தபோது தம்பி அதே உதட்டோடு வயிற்றுக்குள் காலை உதைத்துக்கொண்டிருந்திருப்பான்.

விடுமுறைக்கு வந்தபோது அத்தையிடம் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அய்யாவோட ஆத்தாளும் ஏதாச்சும் கிரகணத்துல எதையாச்சும் அறுத்திருப்பா." பழனியில் கண்ணால் கண்டதையும் அவள் இப்படித்தான் செரித்து வைத்திருந்தாள். சித்தப்பாவின் கத்தரிப்புழுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அது மருந்தைத் தின்று வளரவில்லை. மருந்தில் சாகிறது செத்தது. தாங்குகிற வாகு பிறப்பிலேயே இருந்த ஒன்றிரண்டு மிஞ்சி, குஞ்சு பொரித்து, தோட்டத்தை நிறைத்தது. இந்தக் கிரகணப் பேச்சும் அப்படித்தான். சாகிற மாதிரி இருந்ததெல்லாம் செத்து, எதையும் தாங்குகிற வடிவம் ஒன்று மிஞ்சி, இன்று காலை நம் குழுவுக்கு வந்திருக்கிறது, 'விஞ்ஞானிகளே' என்ற புது வாலோடு.

இப்போது சொல்கிறேன் எனக்கு ஏன் இருப்புக் கொள்ளவில்லை என்று.

அந்தத் தம்பிக்கு ஒரு மகள். திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவளுக்கு இது ஏழாம் மாசம். ஐந்தாம் மாசத்து ஸ்கேனிலேயே பிள்ளைக்கு உதட்டில் பிளவு தெரிந்துவிட்டது. பிறந்து சில மாசத்தில் தைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.

போன வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, கிரகணத்தன்னைக்கு அவள அறைக்குள்ளயே வச்சிருக்கச் சொல்லணும். கத்தி கித்தி தொட்டுறக் கூடாது."

"ஏலே, ஒனக்குமா?"

"எனக்குத் தெரியாதாக்கா? அவுக வீட்ல பழி போட எதுவும் ஆப்புடக் கூடாதுல்ல. எங்கம்மா பட்டது போதும்."

சித்தி இறந்து ஒரு வருஷமாகிறது. அவள் பேச்சு வந்ததும் நான் சரி என்றுவிட்டேன். ஆனால் தம்பி மகளிடம் கேட்டபோது அவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள். "உள்ள இருந்தா மட்டும் விடுவாங்களா அத்தை? சன்னல் வழியாப் பாத்தேன்னு சொல்லுவாங்க. கிரகணத்துக்கு முன்னாடியே சொல்லிடுறேன். அப்புறம் அது மேல எப்படிப் பழி போடுவாங்க? நீங்களும் அப்பாவும் வாங்க. போதும்."

நேற்றுப் போனோம். பஸ் நிலையத்தில் தம்பியைத் தேடுகிறேன், எதிரிலேயே நிற்கிறான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து கத்தி படாத உதட்டை வழித்துவிட்டு வந்திருந்தான். தையல் கோடு வெள்ளையாக, ஐயாவின் இடத்திலேயே. "ஏன்டா?" என்றேன். "அய்யா மாதிரி ஒளிச்சு வச்சுக்கிட்டு எப்பிடிக்கா போய்ப் பேசுறது?" என்றான்.

சம்பந்தியம்மா எங்களைப் பார்த்ததும் முதலில் அவன் உதட்டைத்தான் பார்த்தாள். பார்த்தும் பார்க்காததுபோலக் காப்பி கொண்டுவந்தாள். தம்பி மகள் ஸ்கேன் படத்தை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தம்மா வெகுநேரம் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

"இம்புட்டு நாளா ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"பயந்துக்கிட்டுத்தான் அத்தை. கிரகணத்துக்கு முன்னாடி ஒங்களுக்குத் தெரியணும்னு இன்னைக்குச் சொல்றேன்."

சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்தாள்.  அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"ஒங்களுக்குச் சின்னதுல பால் எப்பிடிங்க குடுத்தாக?"

தம்பியின் கை மீசை இருந்த இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததை உணர்ந்து இறங்கியது. அவனுக்கு எப்படி நினைவிருக்கும்? என்னைப் பார்த்தான்.

"பாலாடையில" என்றேன் நான்.

"எங்க வீட்டுது பரண்ல கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா எழுந்து, ஸ்கேன் படத்தை மருமகள் மடியில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.